ஏழுக்குப் பதில் எட்டு

கேள்வியைக் கேட்டுவிட்டு மூன்று எண்ணுவதற்குள் பதிலையும் வஹிதா டீச்சரே சொல்லிவிடுவார். கணக்கின் பாதியில் சாக்பீஸ் ஒடியும். ஒடிந்த துண்டாலேயே முடித்துவிட்டு, "புரிஞ்சுதா? புரிஞ்சிருக்கும், அடுத்தது" என்பார். பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கிற பெயர் எக்ஸ்பிரஸ். அது அவருக்கும் தெரியும், அதில் கொஞ்சம் பெருமைகூட. "பதறாத காரியம் சிதறாது" என்று அவர் கணவர், ரேடியோ ரிப்பேர் கடை அப்துல் சுபான், தினம் ஒரு தடவையாவது சொல்வார். அதைக் காதில் வாங்க டீச்சர் நின்றால்தானே.

எண்பத்தாறில் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஒரே ஒரு பெட்டி. தலைமையாசிரியர் பெரியண்ணன் அதற்குத் தனி அறை, தனிப் பூட்டு, பூப்போட்ட போர்வை எல்லாம் ஏற்பாடு செய்து, ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். இயக்கத்தான் ஆள் இல்லை. சேலத்தில் மூன்று வாரம் பயிற்சி எடுத்து வந்த வஹிதா டீச்சர், செருப்பை வாசலில் உதறிவிட்டு அந்த அறைக்குள் போனால் சாப்பாட்டு மணி அடிப்பதுகூட அவருக்குக் கேட்காது.

மறு வருஷம் மாசியில் தீர்த்தம்மாளை அங்கே கூட்டிப்போனார். எட்டாம் வகுப்பில் படிக்கும் அவள், மாரண்டஹள்ளியில் தக்காளிக் கூடை தூக்கும் கிருஷ்ணப்பனின் மகள். பிறந்ததிலிருந்தே கைகால் சொன்னபடி கேட்காது, விரலில் பென்சில் நிற்காது. அவள் பேசுவது அப்பாவுக்கு மட்டுமே விளங்கும். அவள் சொல்வதை அப்பா எடுத்துச் சொல்ல, வேறொருவர் பரீட்சை எழுதலாமா என்று டீச்சர் முதலில் தலைமையாசிரியரிடம் கேட்டார்.

"அப்பன் சொல்றதா, புள்ள சொல்றதான்னு நான் எப்படிங்க டீச்சர் கண்டுபிடிக்கிறது?" என்றார் தலைமையாசிரியர். நியாயமான கேள்விதான். முழு ஆண்டுப் பரீட்சையை அவளே எழுதாவிட்டால் ஒன்பதாம் வகுப்பு கிடையாது.

"இல்லீன்னா வூட்டோட வெச்சுக்கறனுங்க டீச்சரம்மா. தெனம் பஸ்ஸுல தூக்கியாறதுக்கு ஒரு அர்த்தம் வேணுமில்லீங்க" என்றார் கிருஷ்ணப்பன்.

டீச்சருக்குக் கை பரபரத்தது. அவரே ஒரு புரோகிராம் எழுதினார். திரையில் எண்களும் எழுத்துகளும் வரிசையாக நிற்கும். ஒரு வெளிச்சக் கட்டம் ஒவ்வொன்றின் மேலும் நின்று நகரும். வேண்டிய எழுத்துக்கு அது வரும்போது ஒரே ஒரு தட்டுத் தட்டினால் போதும், எழுத்து கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பெட்டிக்குத் தமிழ் தெரியாது. கிராப் நோட்டில் சின்னச் சின்னக் கட்டமாகக் கறுப்படித்து எழுத்துகளை ஒவ்வொன்றாக அதற்குக் கற்றுக்கொடுத்தார். ழ மட்டும் நாலு நாள் படுத்தியது. புறங்கையால் அடித்தாலும் வேலை செய்கிற மாதிரி, காலிங்பெல் பொத்தான் மேல் பலகை வைத்துச் சுபான் ஒரு ஸ்விட்ச் செய்துகொடுத்தார்.

முதல் நாள் தலைமையாசிரியரும் வந்து பின்னால் நின்றார். நாலும் மூன்றும் எவ்வளவு என்று டீச்சர் கேட்டார். எட்டு விழுந்தது. ஆறில் இரண்டு போனால்? ஐந்து. மூவிரண்டு? ஏழு. பெரியண்ணன் தொண்டையைச் செருமினார். "பாவம், புள்ளைக்கு ஆசை காட்டிட்டீங்க. வெள்ளிக்கிழம கடைசியா ஒருக்கா பார்ப்பம்." கிருஷ்ணப்பன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். அவள் அழுதுகொண்டே போனாள்.

அன்று மாலை டீச்சர் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். எட்டு, ஐந்து, ஏழு. கணக்குத் தெரியாத பிள்ளை ஒரு தடவை கூட்டிச் சொல்லும், ஒரு தடவை குறைத்துச் சொல்லும். இவள் எல்லாவற்றிலும் சரியாக ஒன்று கூடுதல். அரிவாள்மனையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். கட்டம் ஏழில் நிற்கும்போதுதான் அவள் கை கிளம்பியிருக்கிறது. அது பலகைக்கு வந்து சேர்வதற்குள் கட்டம் எட்டுக்குப் போய்விட்டது.

வெங்காயக் கையோடு கடைக்கே ஓடினார். "ஏங்க, அவளுக்கு அத்தனையும் தெரியுதுங்க. தப்பு என்னுது. கட்டத்த என் வேகத்துக்கு ஓட வுட்டுட்டேன்." வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்றாலும், சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. சுபான் பழமொழி எதுவும் சொல்லவில்லை. எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை கட்டம் ஆற அமர நகர்ந்தது. தலைமையாசிரியரே கணக்குச் சொன்னார்: பதினேழை மூன்றால் பெருக்க வேண்டும். டீச்சருக்குப் பதில் நாக்கு நுனியில் நின்றது. சேலைத் தலைப்பை முறுக்கிப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார். ஐந்து விழுந்தது. மறுபடி முதலிலிருந்து கட்டம் கிளம்பியது. தீர்த்தம்மாளின் புறங்கை ஒரு பக்கம் இழுத்து, திரும்பி வந்து, பலகைமேல் இறங்கியது. ஒன்று.

"அம்பத்தொண்ணு. சரிதானுங்க" என்றார் பெரியண்ணன். "பரீட்சைய இதுலயே எழுதட்டும். நான் மேல எழுதிக் கேட்டுக்கறேன்." கிருஷ்ணப்பன் கும்பிட்ட கையைக் கீழே இறக்கவில்லை. பெட்டி சூடாகிவிடும் என்று தலைமையாசிரியருக்கு எப்போதும் ஒரு பயம். அதை அணைத்து மூடப் பூப்போட்ட போர்வையை எடுக்கப் போனார்.

கட்டம் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. தீர்த்தம்மாளின் கை மறுபடி எழுந்தது. கட்டம் எண்களை எல்லாம் தாண்டிப் போக விட்டுப் பலகைமேல் விழுந்தது. எ. பிறகு வெகுநேரம் கழித்து, ன. யாரும் அவளை எதுவும் கேட்டிருக்கவில்லை.

பதினோரு வருஷ வேலையில் தலைமையாசிரியரை நிமிர்ந்து பார்த்துப் பேசியிராத வஹிதா டீச்சர், பெட்டியை அணைக்க நீண்ட அவர் மணிக்கட்டை எட்டிப் பிடித்தார். அடுத்த எழுத்து விழும் வரை அந்தக் கையை விடவில்லை.