முன்கூட்டிச் சொன்ன நன்றி

புதுப்பட்டினத்தில் சந்திரம்மாவைப் போல ஜெபிக்கிறவர்கள் குறைவு. கல்பாக்கம் குவார்ட்டர்சில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாள். மூன்று வீட்டாருக்காகவும் ஜெபிக்கிறாள். ஒரு வீட்டில் மிக்சி ஓடாமல் போனபோது அதன் மூடிமேல் கைவைத்து ஜெபித்தாள். மிக்சி ஓடவில்லை. அடுத்த வாரம் அவர்கள் புதிதாக ஒன்று வாங்கினார்கள். "பாத்தீங்களா அம்மா, கேட்டதுக்கு மேலயே குடுத்துட்டாரு" என்று சந்தோஷப்பட்டாள். அந்தக் காசு தன்னுடையது என்று அந்த வீட்டம்மா சொல்லவில்லை. நல்ல மனுஷி.

சந்திரம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதைக் கேட்டாலும் கேட்ட கையோடு நன்றியும் சொல்லிவிடுவாள். கிடைத்த பிறகு நன்றி சொல்ல யாருக்குத்தான் தெரியாது? கிடைக்கும் முன்னே சொல்வதுதான் விசுவாசம். அவள் சபையில் எல்லோருமே அப்படித்தான் சொல்வார்கள். அதில் தப்பே இல்லை. என்ன, வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் மைக் உண்டு. ஸ்பீக்கரைத் தெருவைப் பார்த்துக் கட்டியிருந்தார்கள்.

அவள் புருஷன் சின்னராசு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். போன மழைக்காலத்தில் கால் முறிந்து படுத்தார். ஆட்டோவும் வீட்டு வாசலில் படுத்தது. அரிசிக்கு மளிகைக் கடையில் கடன், வைத்தியத்துக்கும் அங்கேயே கைமாற்று, துணிக்குத் தவணைக் கடன். கால் தேறிவிட்டது, கடன் தேறவில்லை. ஆட்டோத் தவணை மாதக்கணக்கில் நின்றுபோக, இந்தச் சனிக்கிழமை வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போவோம் என்று பைனான்சில் சொல்லிவிட்டார்கள். வண்டி போனால் அந்த வீட்டில் அடுப்புக்கு வேலையில்லை.

மிக்சி வீட்டம்மாதான் வழி சொன்னார். செங்கல்பட்டில் ரோகிணி என்று ஒரு அம்மா. பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை காலையில் கடன்பட்டவர்களை உட்காரவைத்து, எப்படி மீள்வது என்று இலவசமாக யோசனை சொல்கிறார். போன் போட்டபோது ரோகிணி அம்மா தெளிவாகவே சொன்னார்: "பணமெல்லாம் நாங்க தர்றதில்லைம்மா. யார் யாருக்கு எவ்வளவு பாக்கின்னு அவங்ககிட்டயே கேட்டுக்கிட்டு, ரெண்டு பேருமா வாங்க."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சந்திரம்மா மைக்கைப் பிடித்தாள். "எங்க கடனையெல்லாம் தீத்துக் குடுத்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! செங்கல்பட்டுல எங்களுக்கு வாசலத் தெறந்து வுட்டவருக்கு ஸ்தோத்திரம்!"

கூட்டம் கைதட்டியது. தெருவும் கேட்டது.

மறுநாள் விடியற்காலையில் சந்திரம்மா எந்தப் புடவை கட்டுவது என்று தவித்துக்கொண்டிருந்தாள். நல்லதைக் கட்டினால் கடன்காரி என்று யார் நம்புவார்கள்? கிழிந்ததைக் கட்டினால் சபைக்கு அவமானம். கடைசியில் நல்ல புடவையைக் கசக்கிக் கட்டிக்கொண்டாள். அப்போது வாசலில் மளிகைக் கடை ஜெகதீசன் மைசூர்பாகு டப்பாவோடு நின்றார்.

"இன்னா சந்திரம்மா, கடன் தீந்துபோச்சாமே! தெருவே கேட்டுச்சு. மொத மொத என் பாக்கிதான், மறந்துடாத."

அவர் பின்னாலேயே ஷபானா வந்தாள்; தவணைக்குத் துணி விற்கிறவள், தோளில் மூட்டையோடு. "அக்கா, இந்த மாதிரி நாள்ல இன்னாக்கா கசங்கின பொடவை? இந்தா, இதைக் கட்டு. டப்பு மெதுவா குடு, பழசோட சேத்துக்கலாம்."

வண்டியைத் தூக்க வந்த பைனான்ஸ்காரப் பையன் ரமேஷ், மைசூர்பாகையும் புதுப் புடவையையும் பார்த்துச் சாவிக்கு நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். "டப்பு வந்துடுச்சா அண்ணாத்த? சொல்லவே இல்ல!"

சின்னராசு சந்திரம்மாவை உள்ளே இழுத்தார். "இன்னாமே சொல்லி வெச்ச? டப்பு வர்லன்னு போய்ச் சொல்லு."

"எப்டிய்யா சொல்றது? வாங்கிட்டேன்னு அவருக்கு ஸ்தோத்திரம் சொல்லிட்டேன். இப்போ வர்லன்னா, சொன்ன ஸ்தோத்திரத்தைத் திருப்பி வாங்கின மாதிரி ஆவாதா?"

சின்னராசு தலையில் கைவைத்தார். வெளியே வந்து, "செங்கல்பட்டுக்குப் போய்கினு கீறோம், வந்து பேசிக்கலாம்" என்றார். அது இன்னும் மோசமாகப் போயிற்று. பணம் அங்கேதான் இருக்கிறது என்று மூவருக்கும் உறுதியாகிவிட்டது. கேட்காமலே ஏறி உட்கார்ந்தார்கள். வண்டி ஓடிப்போகாமல் பார்த்துக்கொள்ள ரமேஷ் முன்சீட்டில் ஒண்டிக்கொண்டான்.

திருக்கழுக்குன்றம் வந்ததும் சின்னராசுவுக்குக் கால் தானாக பிரேக்குக்குப் போயிற்று. "செங்கல்பட்டு, செங்கல்பட்டு!" என்று கூவினார். ஒரு பெரியவர் ஏறி, தன் கையில் மைசூர்பாகைத் திணித்த ஜெகதீசனிடம் கேட்டார்: "கல்யாண வூடா?"

"இல்ல நைனா. இவங்க கடன்காரங்க, நாங்க குடுத்தவங்க."

"அப்புறம் எதுக்கு இனிப்பு?" என்றார் பெரியவர். ஜெகதீசன் டப்பாவை மூடினார். செங்கல்பட்டில் இறங்கும்போது சின்னராசு வழக்கம்போல எல்லோரிடமும் சார்ஜுக்குக் கை நீட்டினார். ரமேஷும் யோசிக்காமல் கொடுத்துவிட்டான்.

மாடியறையில் ரோகிணி அம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேர்தானே வரணும். இவங்கல்லாம் யாரு?"

"யாருக்கு எவ்ளோன்னு கேட்டுகினு வரச் சொன்னீங்களே மேடம். அவங்களே வந்துட்டாங்க" என்றாள் சந்திரம்மா.

ஜெகதீசன் பவ்யமாக முன்னே வந்தார். "அம்மா, பணம் எந்த ரூம்ல குடுக்கறாங்க?"

"இங்க பணம் குடுக்கிறதே இல்லைங்க."

எல்லா முகமும் சந்திரம்மா பக்கம் திரும்பியது. அவளால் கர்த்தரை விட்டுக்கொடுக்கவும் முடியவில்லை, இவர்களை இன்னும் ஏமாற்றவும் முடியவில்லை.

"அவரு குடுத்துட்டாரு, அதுல மாத்தம் இல்ல" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "எங்க கையில ஒரு பைசா இல்ல அண்ணாத்த. உங்க யாருக்கும் குடுக்க இன்னிக்கு ஒண்ணுமே இல்ல."

அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சின்னராசுவிடம்கூட அவள் அப்படிச் சொன்னதில்லை.

"பேஜாரா பூட்சே!" என்று ஷபானா புது மடிப்புப் புடவையை மூட்டைக்குள் திருப்பி வைத்தாள். ரமேஷ் கையை நீட்டினான். "சாவி குடு அண்ணாத்த."

சின்னராசு சாவியை எடுத்தார். அந்தக் கையை ஜெகதீசன் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, வண்டியத் தூக்கிட்டா இவன் எத ஓட்டி என் பாக்கியக் குடுப்பான்? உன் கம்பெனி வந்து குடுக்குமா?"

"அது எனக்கு இன்னாங்க தெரியும்?"

"அதும் வுடு, நாங்க வூட்டுக்கு எப்டிப் போறது?" என்று ஷபானா பாய்ந்தாள். "போறதுக்கும் வர்றதுக்கும்னு நெனச்சு சார்ஜ் குடுத்துகீறேன்!"

"நானும் குடுத்தேன்" என்றான் ரமேஷ், அப்போதுதான் ஞாபகம் வந்தவனாய்.

ரோகிணி அம்மா மேசையைத் தட்டினார். "இத்தனை வருஷத்துல கடன் குடுத்தவங்க எல்லாரையும் ஒரே வண்டியில கூட்டிட்டு வந்த ஆளை இப்பத்தான் பாக்கறேன். எல்லாரும் உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். ஆட்டோ ஒரு நாளைக்கு என்ன சம்பாதிக்கிறது, டீசலுக்கும் சோற்றுக்கும் போக என்ன மிஞ்சும் என்று அவர் கேட்டு எழுதினார். முதலில் வண்டித் தவணை. மற்ற இருவருக்கும் மாதம் கொஞ்சம் கொஞ்சமாக. பாக்கி தீரும்வரை புதுக் கடன் கிடையாது. ஜெகதீசன் முனகினார், ஆனால் தலையாட்டினார். ரோகிணி அம்மா ரமேஷின் மேனேஜருக்குப் போன் போட்டு, பேங்க் குரலில் வெகுநேரம் பேசினார். நின்றுபோன தவணையை வரும் மாதங்களில் பிரித்துக் கட்டலாம் என்று மேனேஜர் இறங்கி வந்தார். ஒரே ஒரு நிபந்தனை: வண்டி நல்லபடி இருக்கிறது என்று இப்போதே போட்டோ அனுப்ப வேண்டும்.

கீழே இறங்கி வந்தார்கள். ரமேஷ் போனைத் தூக்கியதும் எல்லோரும் ஆட்டோ முன்னால் வரிசையாக நின்றுவிட்டார்கள். ஷபானா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். படம் போயிற்று. மேனேஜர் உடனே கூப்பிட்டார்.

"வண்டி எங்கடா? ஒரு தொந்திதான்டா தெரியுது!"

"ஜெகதீசன் அண்ணாத்த, நவுருங்க! வண்டிதான் வேணுமாம்."

"ஏன், எனக்கும்தானே பாக்கி வரணும்?" என்று ஜெகதீசன் நகராமல் நின்றார். சின்னராசு அவரைத் தோளைப் பிடித்துத் தள்ளி நிறுத்தினார். நம்பர் பிளேட் தெரிந்தது. சந்திரம்மா ஓடிப்போய், கசக்கிக் கட்டிய புடவையின் முந்தானையால் அதை அழுத்தித் துடைத்தாள்.

"இப்போ எடு தம்பி" என்றாள்.