நான் ஜெயித்த சண்டை

மூக்கு உடைகிறபோது முதலில் வலி தெரியாது, சத்தம்தான் தெரியும். எனக்கு மூன்று தடவை உடைந்திருக்கிறது. கடைசியாக உடைத்தவன் மறுநாள் போன் போட்டு மன்னிப்புக் கேட்டான். அதற்குத்தானேப்பா என்னைக் கூப்பிட்டீர்கள் என்று இந்தியில் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

பதின்மூன்று வருஷமாக என் தொழிலே அதுதான். ஹெவிவெயிட்டில் பெயர் வாங்கப் போகிற குத்துச்சண்டைக்காரனுக்கு, மேலே ஏறுவதற்குள் நாலைந்து பேரை அடித்திருக்க வேண்டும். அந்த நாலைந்து பேரில் நான் ஒருவன். நூறு கிலோவுக்கு மேல் எடை உள்ளவன், லேசில் விழாதவன் என்று தேடினால் புனே பக்கம் வேறு ஆளே கிடையாது, அதனால் என்னைக் கூப்பிடுவார்கள். 'தோற்றுப் போ' என்று ஒருத்தரும் வாய்திறந்து சொன்னதில்லை. சொல்லத் தேவையில்லை. அவன் மூன்று மாதம் பயிற்சி எடுத்து, முட்டையும் கோழியும் தின்றுவிட்டு வருவான். எனக்கு மூன்று நாள் முன்னால் போன் வரும். ஆகுர்டியில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் காலை ஷிப்ட் முடித்து, கையில் ஆயில் வாசனை போகாமலே வந்து கிளவுஸை மாட்டுவேன்.

அடிவாங்குவதிலும் வேலைத்திறன் இருக்கிறது. முடியாதபோது எதிராளியைக் கட்டிப்பிடித்து, முழு எடையையும் அவன் தோளில் போட்டுவிட வேண்டும். ரெஃபரி வந்து பிரிப்பதற்குள் ஏழெட்டு மூச்சு கிடைக்கும். அந்த நேரத்தில் காதில் பேசுவோம். "விலா போச்சு பாய், கொஞ்சம் ஆராம்ஸே" என்று எத்தனையோ பேரிடம் இந்தியில் புளுகியிருக்கிறேன். பாவம் பார்த்து அடியைக் குறைத்துக்கொள்வார்கள். சில சமயம் அவர்களே நாக்குத் தள்ளிப்போய், "உஸ்தாத், பிடிச்சுக்கோ" என்பார்கள். மணி அடிக்கும்வரை பிடித்துக்கொள்வேன். எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாத விஷயம் இது. ஆனால் கட்டிப்பிடித்துக் கேட்டவனை அடிக்கக் கூடாது என்பது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும்.

நான் அடிவாங்கி விழுகிற வீடியோ ஒன்று ஒரு வருஷமாக எங்கள் கம்பெனி கேன்டீனில் ஓடிக்கொண்டிருந்தது. தாடையில் வாங்கி, கண் செருகி, மரம்போல் சாய்கிறேன். அதற்கு யாரோ டோல் தாஷா மேளச் சத்தம் சேர்த்திருந்தார்கள். எனக்கு 'போரி' என்று பெயர் வைத்தார்கள். இந்தியில் மூட்டை. ஒருநாள் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவன் போனை என் தட்டுக்கு முன்னால் வைத்து அதை ஓட்டினான். அவன் பின்கழுத்தைப் பிடித்து முகத்தைப் பருப்புக் கிண்ணத்தில் அழுத்தினேன். கிண்ணம் நசுங்கி அவன் உதடு கிழிந்தது. ஒரு வாரம் வேலைக்கு வராதே என்று வெளியே நிறுத்தினார்கள். எனக்கு அதில் துளி வருத்தமும் இல்லை.

அந்த வாரம்தான் என் மனைவி உட்காரவைத்துப் பேசினாள். டீயை ஊற்றும்போது என் கை நடுங்குவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"போதும்ங்க. டாக்டரும் சொல்லிட்டாரு. இந்த மூஞ்சிய இன்னும் இன்னாத்துக்குக் குடுத்துகினு இருக்கீங்க?"

"ஒரே ஒரு தடவ ஜெயிச்சிட்டு வுட்டுடறேன்."

"யாருக்குக் காட்டணும் ஜெயிச்சு?"

கேன்டீனுக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த ஒரு ஜெயிப்பு எனக்கு வேண்டும். நான் அடித்து ஒருத்தன் விழுகிற வீடியோ வேண்டும். வேறு எதுவும் அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

கடைசிச் சண்டை சிஞ்ச்வட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தகரக் கூரை போட்ட ஹாலில் நடந்தது. ஆறு ரவுண்டு. எடை பார்க்கிற இடத்தில் என் மச்சான், என் மனைவியின் தம்பி, "மாமா, கால ஆட்டாம நில்லு" என்று என்னை அதட்டிக்கொண்டிருந்தான். ரிங்கில் என் மூலையில் நிற்பவன் அவன்தான். அதைக் கேட்டுவிட்டு எதிராளி பக்கத்தில் வந்தான். இருபத்துநாலு வயது, தேக்குக் கட்டை மாதிரி உடம்பு.

"நீங்க தமிழாண்ணா? நானும்தான். தாபோடில வீடு. பப்பா மிலிட்டரி வொர்க்‌ஷாப். வீட்ல மம்மிகூட மட்டும் பேசுவேன். கொஞ்சம் தப்பா வரும்" என்று சிரித்தான்.

எனக்கு அவனைப் பிடித்துப் போனது. அது எனக்கு எரிச்சலாகவும் இருந்தது.

முதல் ரவுண்டிலேயே ஈரல் மேல் ஒன்று போட்டான். அந்த அடி உடனே வலிக்காது, ஒரு நொடி கழித்து முழங்கால் இரண்டும் சொல்பேச்சுக் கேட்காது. இரண்டாவதில் என் புருவம் கிழிந்தது. ரத்தம் கண்ணில் இறங்கியது. மச்சான் பஞ்சை வைத்து அழுத்தி, வாசலின் பூசி மறுபடி அனுப்பினான். மூன்றாவதில் விழுந்தேன். எட்டு எண்ணுவதற்குள் எழுந்தேன். எழும்போது கூட்டத்தில் யாரோ "போரி" என்று கத்தினார்கள். எங்கள் ஷாப் ஆட்கள் வந்திருந்தார்கள்.

அந்தக் கோபத்தில் நாலாவது ரவுண்டில் ஒரு வலது கையை வீசினேன். குறி பார்க்கவில்லை. அவன் இடது கண்ணில் நேராக விழுந்தது. அதற்கப்புறம் அவன் தலையை ஒருமாதிரி சாய்த்துத் திருப்பியே நின்றான். ஐந்தாவது ரவுண்டில் என் வலது கை போனபோதெல்லாம் அவன் தடுக்கவில்லை. பாயிண்டில் அவன் எவ்வளவோ முன்னால் இருந்தான். ஆறாவது ரவுண்டை ஓட்டிவிட்டால் போதும், ஜெயித்துவிடுவான்.

ஆறாவது பாதியில் அவனே வந்து என்னைக் கட்டிப்பிடித்தான். பல்லுக்குப் போடுகிற கார்டைக் கடித்த வாயால் காதில் பேசினான்.

"அண்ணா, லெஃப்ட் கண்ணு தெரியல. கறுப்பு கறுப்பா இருக்கு. பெல் அடிக்கற வரைக்கும் பிடிச்சுக்கோங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க, நிப்பாட்டிடுவாங்க."

ரெஃபரிக்குத் தமிழ் தெரியாது. அவன் கோச்சுக்கும் தெரியாது. என் மச்சான் இருந்த இடத்துக்கு அது கேட்கவில்லை.

"சரிடா. பயப்படாத," என்றேன்.

ரெஃபரி எங்களைப் பிரித்தார். அவன் கையைத் தாழ்த்திக்கொண்டு மறுபடி கட்டிப்பிடிக்க வந்தான். நான் ஒரு அடி ஒதுங்கி, அவனுக்குத் தெரியாத பக்கத்திலிருந்து வலது கையை முழுசாக வீசினேன். கன்னத்து எலும்பில் பட்டது. எங்கிருந்து வந்தது என்று அவன் தேடினான். இரண்டாவதும் அதே இடத்தில் போட்டேன். கார்டு தெறித்து வெளியே போய் விழுந்தது. மூன்றாவதை அவன் சாய்ந்துகொண்டிருக்கும்போது கண்ணிலேயே போட்டேன். அது தேவையே இல்லாத அடி. முகம் கயிற்றில் மோதிக் குப்புற விழுந்தான்.

மச்சான் என்னைத் தூக்கினான். ரெஃபரி என் கையை உயர்த்தினார். எங்கள் ஷாப் ஆட்கள் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினார்கள். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, நான் அவ்வளவு சந்தோஷமாக எப்போதும் இருந்ததில்லை. அவனை ஸ்ட்ரெச்சரில் எடுத்துக்கொண்டு போனபோது நான் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தேன்.

அவன் புளுகுகிறான் என்று நினைத்துவிட்டேன், நானே அப்படிப் புளுகுகிறவன்தானே என்று சில நாள் எனக்கே சொல்லிப் பார்த்தேன். ஒட்டவில்லை. நான் புளுகியதெல்லாம் வெளியாட்களிடம், இந்தியில். அவன் அம்மாவிடம் பேசுகிற தமிழில் என்னிடம் கேட்டான். அது நிஜம் என்று எனக்கு அப்போதே தெரியும்.

விழித்திரை கிழிந்துவிட்டது என்று சேதி வந்தது. ஆபரேஷன் செய்தும் அந்தக் கண்ணில் பார்வை வராது, இனி ரிங்கில் ஏறவே முடியாது என்றார்கள். "ஜெயிச்சவங்கதான் முதல்ல போயி பாக்கணும்" என்று என் மனைவி ஆப்பிளும் மாதுளையும் வாங்கிக் கொடுத்து அனுப்பினாள். நான் ஆஸ்பத்திரி வாசலில் ரொம்ப நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனேன்.

அவன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பாதி முகம் கட்டு. பக்கத்தில் அவன் அம்மா. நான் யாரென்று தெரிந்ததும் எழுந்து முக்காலியைத் தள்ளிப் போட்டார்.

"நீங்களும் தமிழ் ஆளுங்களாமே. கண்ணு தெரியலன்னு உங்ககிட்டச் சொன்னேன்னான் இவன். அப்புறம் எப்டிங்க அடிச்சீங்க?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவன் பேசினான்.

"மம்மி, வாயில கார்டு இருந்துச்சு. ஹால்ல ஒரே சத்தம். அண்ணாவுக்குக் கேட்டிருக்காது."

சொல்லிவிட்டு, இருந்த ஒரு கண்ணால் என்னையே பார்த்தான். நான் 'சரிடா' என்று சொன்னதை அவன் கேட்டிருக்கிறான். அதை நம்பித்தான் கையைத் தாழ்த்தினான்.

"ஆமாம்மா," என்றேன். "எனக்குக் கேக்கல."

"அதான பாத்தேன். கேட்டிருந்தா நம்ம ஆளு அடிச்சிருப்பாரா?" என்றார் அந்த அம்மா. பிளாஸ்க்கைத் திறந்து ஒரு டம்ளரில் டீ ஊற்றி என்னிடம் நீட்டினார். என் கை நடுங்கி அது தளும்புவதைப் பார்த்து, டம்ளரை விடாமல் அவரும் கூடப் பிடித்துக்கொண்டார், நான் குடித்து முடிக்கும்வரை.