இருநூற்றுப் பதினாலாம் குழியின் பெல்ட்

என் வாய் சும்மா இருக்காது என்பது ஊரறிந்த விஷயம். தெசாங்கா வாயைத் திறக்கவே மாட்டாள். அதனால்தான் அகழாய்வில் எங்கள் இருவரையும் அடுத்தடுத்த குழிகளில் போட்டார்கள். அவளுக்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன் என்று நினைத்திருப்பார்கள். நாலு மாதம் பேசினேன். கல்லுளிமங்கி, "ம்" என்பதைத் தாண்டி எதுவும் வந்ததில்லை.

முன்பு அவள் அப்படி இல்லை. டான்யூப் ஆற்றுக்கு அக்கரையில் பிறந்தவள். இருபது வயதில் இங்கே நிலக்கரிச் சுரங்கத்தின் சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். கரி அப்பிய உடுப்புகளை இருபத்திரண்டு வருடம் வெளுத்தாள். சுரங்கத்து ஆட்கள் பையைக் காலி செய்து, பெல்ட்டை உருவிவிட்டுத்தான் உடுப்பைப் போட வேண்டும். ஒருத்தன் மட்டும் வாராவாரம் பெல்ட்டோடு போட்டான். பக்கிள் இயந்திரத்துக்குள் கடகடவென்று அடிக்கும். நாலாவது வாரம் அவள் அந்தப் பெல்ட்டை உருவி, உள்பக்கம் எழுதியிருந்த பெயரைப் படித்துக்கொண்டு நேராக ஆண்கள் குளிக்கிற இடத்துக்கே போய், "யாருடா இந்த விதோமிர்?" என்று கேட்டாள். சோப்பு நுரையோடு நின்ற அத்தனை பேரும் ஒருவனைக் கை காட்டினார்கள். அவன் முகத்தில் விட்டெறிந்தாள். அந்த இலையுதிர்காலத்திலேயே கல்யாணம். விதோமிர் கடைசி வரை அதே பெல்ட்டைத்தான் போட்டான். தோல் இரண்டு முறை மாறியது, பக்கிள் மாறவில்லை.

இந்த ஜனவரியில் ஒரு நாள், வேலை முடிந்து மேலே வந்தவன் ஒரு பூட்ஸைக் கழற்றினான், இன்னொன்றைக் கழற்றாமலே பெஞ்சில் சாய்ந்தான். மாரடைப்பு. இரண்டு சுவர் தள்ளி தெசாங்கா துணி பிழிந்துகொண்டிருந்தாள். ஆம்புலன்ஸ்காரர்கள் பெல்ட்டை உருவி, நெஞ்சை அழுத்திப் பார்த்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் உடல்தான் வந்தது.

பக்கத்து வீட்டுக்காரி நானும் அவளும்தான் அவனுக்கு உடுத்திவிட்டோம். எங்கள் பக்கம் இறந்தவர் உடம்பில் எதையும் கட்டியோ மாட்டியோ அனுப்புவதில்லை. பூட்ஸ் கயிற்றை அவிழ்ப்போம், காலர் பொத்தானைத் திறந்துவிடுவோம். போகிறவனை எதுவும் பிடித்து வைக்கக் கூடாது. சவப்பெட்டிக்குள் சிகரெட், சீட்டுக்கட்டு, கால் பாட்டில் பிளம் சாராயம் எல்லாம் வைத்தோம். பெல்ட் யாருக்கும் நினைவில் வரவில்லை. ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பை வந்தது. உள்ளே கடிகாரம், சாவி, பெல்ட்.

அவள் அழவில்லை. பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, அவரு இந்த வருசம் ரொம்ப இளைச்சுட்டாரு. பெல்ட் இல்லாம பேன்ட் நிக்காதே" என்றாள்.

"படுத்திருக்கிறவனுக்கு எங்கடி நழுவப் போவுது?" என்றேன். இந்த நாக்கை அறுத்துப் போட வேண்டும்.

அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. பையை அடுப்படித் தொட்டிக்குக் கீழே தள்ளினாள். சலவைக்கூட வேலையை விட்டாள். நாற்பதாம் நாள் சடங்கில், வழக்கப்படி இறந்தவன் நினைவாகக் கோதுமை அவித்து எல்லாருக்கும் கொடுத்தாள், தான் ஒரு கரண்டிகூட வாயில் வைக்கவில்லை. காபி கொதிக்கிற பாத்திரத்தைத் துணியில்லாமல் பிடித்து எடுத்து வந்தாள். கை சிவந்தது. கீழே வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை, நான்தான் பிடுங்கி வைத்தேன்.

மார்ச்சில் அவளை அகழாய்வுக்கு இழுத்து வந்தேன். பத்து வருடமாக நான் அங்கே தோண்டுகிறேன். ரோமானியக் கோட்டை ஒன்றின் இடுகாடு அது. சிப்பாய்கள், அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகள், எல்லாரும் செத்து ஆயிரத்து அறுநூறு வருடம் ஆகிறது. எங்களுக்கு ஒரே சட்டம்தான். படம் எடுத்து, அளந்து, வரைந்து முடிக்கும் வரை எதையும் அசைக்கக் கூடாது. ஒரு பல் சரிந்து கிடந்தாலும் சரிந்தபடியே கிடக்க வேண்டும். டாக்டர் நெவெங்காவுக்குப் பொருளைவிட அது கிடக்கும் இடம்தான் முக்கியம். அவள்தான் அகழாய்வுக்குத் தலைவி. நாற்பது வயது, கல்யாணம் கட்டிக்கொண்டது அந்த இடுகாட்டைத்தான். தெசாங்காவின் கைப்பக்குவம் அவளுக்குப் பிடித்துப்போனது. ஒரு விலா எலும்புகூட தெசாங்காவின் மண் சுரண்டும் கரணை பட்டு உடைந்ததில்லை.

ஜூலையில் தெசாங்காவுக்கு இருநூற்றுப் பதினாலாம் குழி வந்தது. மதியம் எல்லாரும் மரநிழலுக்குப் போனோம். அவள் வரவில்லை. அவள் சாப்பிட வராதது புதிதும் இல்லை. ரொட்டியும் மிளகாயும் தின்றுவிட்டுத் திரும்பினால், குழியருகே நெவெங்கா வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். கீழே மல்லாந்த ஆண் எலும்புக்கூடு. இடுப்புக்குக் குறுக்கே வரிசையாக வெண்கலத் துண்டுகள். இரண்டு மீன்கள் மூக்கோடு மூக்கு முட்டுகிற பக்கிள், நடுவில் ஒடுங்கி இரு முனையும் விரிந்த ஐந்து பட்டைகள், வாரின் நுனிக்கு ஓர் இலை வடிவத் தகடு. தோல் எப்போதோ மக்கிவிட்டது.

அதுவரை அந்த இடுகாட்டில் முப்பத்தொரு பெல்ட் எடுத்திருக்கிறோம். எல்லாமே கழற்றிய நிலையில், காலருகே. இடுப்பில் கட்டியபடி ஒன்றுகூட இல்லை. நெவெங்கா ஏணியில் ஏறி ஏறிப் படம் எடுத்தாள். இவன் வேறு வழக்கம் உள்ள தூர தேசத்துக்காரன், வியாழக்கிழமை வரும் பேராசிரியர்களிடம் காட்டப் போகிறேன், கட்டுரை எழுதப் போகிறேன் என்று பேசிக்கொண்டே போனாள். அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. தெசாங்கா பிரஷ்ஷைப் பிடித்தபடி ஓரமாக நின்றாள்.

நான் குனிந்து இடுப்பெலும்பைப் பார்த்தேன். வெண்கலம் எலும்போடு எலும்பாக அத்தனை காலம் கிடந்தால் பச்சைக் களிம்பு எலும்பிலும் ஊறிவிடும், கழுவினாலும் போகாது. இவனுடைய இடுப்பெலும்பில் பச்சையே இல்லை. நெவெங்கா ஏணியை நகர்த்தப் போன சமயம் குழிக்குள் இறங்கி, கணுக்கால் மேல் தூவியிருந்த மண்ணை விரலால் ஒதுக்கினேன். பச்சை. மறுபடி மண்ணைத் தள்ளி மூடினேன். நாளைக் காலையில் எலும்புகளை எடுக்கும்போது நெவெங்காவே பார்த்துவிடுவாள். குழியைக் கலைத்த யாரையும் நெவெங்கா மறுநாள் வேலைக்கு வைத்ததில்லை. இந்த வேலையும் போனால் தெசாங்காவுக்கு மிச்சம் அந்த வீடும், தொட்டிக்கடியில் கிடக்கிற பையும்தான்.

அவளைக் கருவிக் கொட்டகைக்கு இழுத்துப் போனேன்.

"நீதானே மாத்தி வச்ச?"

"ம்."

"இல்லன்னு ஒரு பொய்யாவது சொல்லேன்டி, நம்பிட்டுப் போறேன். ஏன் அப்படிச் செஞ்ச?"

அவள் தள்ளுவண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கழட்டிக் கால்கிட்ட போட்டிருந்தாங்கக்கா. இத்தனை வருசமா பெல்ட் இல்லாமலே கெடக்கான். இவனுக்காவது கட்டி விடலாம்னு தோணுச்சு."

நான்தான் சறுக்கி விழுந்து கலைத்துவிட்டேன் என்று சொல்லிவிடுகிறேன், பழைய ஆள் என்று என்னை விரட்டமாட்டாள் என்றேன். தெசாங்கா காதில் வாங்கினாளோ இல்லையோ, பிரஷ்ஷை வைத்துவிட்டு நெவெங்காவைப் பார்த்து நடந்தாள். அன்றைக்கு ஆண்கள் குளிக்கிற இடத்துக்குள் போனதும் இதே நடையாகத்தான் இருந்திருக்கும்.

"டாக்டர், அது கால்கிட்டதான் இருந்துச்சு. நான்தான் எடுத்து இடுப்புல வச்சேன்."

நெவெங்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இதை நம்பி நான் எழுதியிருந்தால் என் கதி என்ன, உனக்கென்ன பைத்தியமா என்று அவள் கத்தியதில் எல்லாக் குழியிலும் வேலை நின்றது. ஏன் செய்தாய் என்று மூன்று தடவை கேட்டாள். நான் சொன்னேன். ஆஸ்பத்திரிப் பை, இளைத்துப்போன உடம்பு, நான் சொன்ன அந்தப் பேச்சு, எல்லாவற்றையும் நாலே வரியில் சொன்னேன்.

நெவெங்கா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தாள். பிறகு குழிக்குள் இறங்கி, முழங்காலுக்குக் கீழே இருந்த தூள் மண்ணைப் பிரஷ்ஷால் ஒதுக்கினாள். காலை ஒட்டி, அடிமண்ணில் ஒவ்வொரு துண்டும் தன் பச்சைத் தடத்தை விட்டிருந்தது. தெசாங்காவைக் கூப்பிட்டு, இருந்த இடத்திலேயே வைக்கச் சொன்னாள். அவள் ஒன்றுக்கும் தயங்கவில்லை. முழங்காலருகே பக்கிள், பாதத்தருகே இலைத் தகடு, நடுவே பட்டைகள்.

"நல்லாப் பாரு," என்றாள் நெவெங்கா. குரல் இறங்கியிருந்தது. "கழட்டிப் போட்டா சுருண்டு கெடக்கும். இது நேரா நீட்டி, பக்கிளத் தொறந்து வச்சிருக்கு. யாரோ குனிஞ்சு, பாத்துப் பாத்து வச்சிருக்காங்க. இனிமே இவனுக்கு வேலையில்ல, கட்ட வேண்டாம்னு வச்சிருக்காங்க."

"யாரு?" என்று கேட்டாள் தெசாங்கா. குளிர்காலத்துக்குப் பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி.

"தெரியாது. பெண்டாட்டியா இருக்கலாம்."

நெவெங்கா அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. இரண்டு வாரம் உடைந்த பானை ஓடுகளைக் கழுவும் தொட்டிக்குத் தள்ளினாள். தோண்டும்போது பெல்ட் இடம் மாற்றப்பட்டது, களிம்புத் தடத்தைக் கொண்டு திரும்ப வைக்கப்பட்டது என்று அந்தக் குழியின் பதிவுத் தாளில் தன் கையாலேயே எழுதினாள். அந்த வரி இனி அழியாது. வியாழக்கிழமை பேராசிரியர்கள் வந்தார்கள், காபி குடித்தார்கள், போனார்கள். முப்பத்திரண்டாவது பெல்ட், அதில் அவர்களுக்கு என்ன இருக்கிறது?

சனிக்கிழமை விதோமிருக்கு ஆறாம் மாதச் சடங்கு. பாதிரியார் ஜெபம் சொல்லிவிட்டுப் போனார். மெழுகுவர்த்தி ஏற்றினோம், சமாதியில் ஒயின் ஊற்றினோம். மற்றவர்கள் கிளம்பியதும் தெசாங்கா கூடையிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் பையையும் தன் கரணையையும் எடுத்தாள். சமாதியின் கால்மாட்டில் மண்டியிட்டு, எங்கள் குழி போலவே பக்கம் சரியாமல் நேராக வெட்டிக்கொண்டு போனாள். நாற்பது சென்டிமீட்டரில் நிறுத்தினாள். பெல்ட்டை நீளவாட்டில் நேராக வைத்தாள்.

"மாட்டவாக்கா, தொறந்து விடவா?"

"தொறந்தே விடு."

நான் ஒரு பிடி மண்ணை அள்ளினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "வரையாம மூடக் கூடாதுக்கா."

ரொட்டி சுற்றியிருந்த தாளை முழங்கால் மேல் விரித்து, பென்சிலால் வரைந்தாள். சமாதி, குழி, பெல்ட், வடக்கு காட்டும் அம்பு. பக்கத்தில் எங்கள் தாளில் இருப்பது போலவே எழுதினாள். ஆழம் நாற்பது. இடம் காலடி. கீழே, எங்கள் தாளில் கண்டெடுத்தவர் பெயர் போடுகிற இடத்தில், "வைத்தவர்: மனைவி" என்று எழுதி, மடித்துக் கூடையில் வைத்தாள்.

அழுதது நான்தான். அவள் மண்ணைத் தள்ளி மூடினாள், கரணையைப் புல்லில் துடைத்தாள், அவித்த கோதுமையில் ஒரு கரண்டி எடுத்துத் தின்றாள்.