இரவில் மட்டும் ஏறிய பிரஷர்

அன்று காலை ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்து எங்கள் டொக்டர் பட்ட சந்தோஷத்தை, அவருக்குப் பிள்ளை பிறந்தபோதுகூட நான் பார்க்கவில்லை.

லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியின் இதயப் பிரிவில் நான் டெக்னீஷியனாக இருந்தேன். நோயாளியின் கையில் பிரஷர் மொனிட்டரைக் கட்டி வீட்டுக்கு அனுப்புவேன். அது ஒரு நாள் முழுவதும் கையை இறுக்கி இறுக்கி அளவெடுக்கும். நித்திரையில் பிரஷர் இறங்க வேண்டும். இதய நோயாளிக்கு இறங்காவிட்டால் கவலைதான்.

தென் லண்டனில் தோர்ண்டன் ஹீத்தில் இருந்து வந்த சூசைதாசன் அண்ணைக்கு ஹார்ட் அட்டாக் வந்து நாலு மாதம். பகலில் 124, 128 என்று சமர்த்தாக இருந்த பிரஷர், இரவு பதினொரு மணிக்குப் பிறகு 170க்கு ஏறி, காலை ஆறு மணிக்குக் கடமை முடிந்ததுபோல இறங்கியிருந்தது.

"ரொம்ப ரேர் பேட்டர்ன். மீட்டிங்ல காட்டணும். ராத்திரிக்கு இன்னொரு மாத்திரை சேர்த்துடலாம்னு பார்க்கிறேன்," என்றார் டொக்டர். கோயம்புத்தூர்க்காரர்.

நான் பல்ஸைப் பார்த்தேன். பகலில் 56. துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவருக்கு அது சரி. இரவில் 84. மனிதர் நித்திரையில் மரதன் ஓடியிருக்க வேண்டும்.

"பல்ஸைப் பாருங்கோ டொக்டர்."

"ஆமா, அதுவும் ரேர்தான்."

மாத்திரை எழுதுமுன் ஆளைக் கூப்பிட்டுக் கேட்போம் என்று கெஞ்சி ஒப்புக்கொள்ள வைத்தேன். அடுத்த நாள் அண்ணை மனைவி றெஜினாவோடு வந்தார்.

"அண்ணை, இரவு மெஷினைக் கழட்டினீங்களோ?"

"கழட்டிப்போட்டுச் சும்மா வைக்கேல்லை, தங்கச்சி. இருபத்துநாலு மணித்தியாலமும் கையில இருக்கோணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"ஆரின்ரை கையில?"

"இவவின்ரை. அது இறுக்கேக்க எனக்கு நித்திரை வராது. இவ இடி விழுந்தாலும் எழும்பமாட்டா."

நான் கொடுத்த நாலு பக்கத் துண்டுப்பிரசுரத்தில், மெஷினோடு குளிக்காதே என்று இருந்தது. மனைவிக்குக் கட்டாதே என்று இல்லைத்தான்.

டொக்டரின் அபூர்வக் கண்டுபிடிப்பு அந்த இடத்திலேயே காலமானது. ஆனால் 170 பொய்யில்லையே. றெஜினாவின் கையில் கட்டிப் பார்த்தேன். 178.

"தலைவலி இருக்கா?" என்று டொக்டர் கேட்டார். குரல் மாறியிருந்தது.

"ஓம், கனநாளா. வீட்டில ஒரு வருத்தக்காரர் போதும் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"நல்லாத் தூங்குவீங்களாமே?"

"நான் எங்க நித்திரை கொண்டன்? இவருக்கு மூச்சு வருதோ எண்டு பாத்துக்கொண்டெல்லோ கிடக்கிறனான். கண்ணை மூடினா நித்திரை எண்டு இவர் நினைக்கிறார்."

சூசைதாசன் அண்ணை தன் மடியில் கிடந்த கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார்.

அன்றே றெஜினாவுக்கு மாத்திரை தொடங்கியது. அண்ணைக்கு மறுபடி மொனிட்டர் கட்டினோம். இம்முறை அவருடைய கையிலேயே இருந்தது. இரவில் பிரஷர் ஒழுங்காக இறங்கியது. அந்தக் கூடுதல் மாத்திரையை அவர் விழுங்கியிருந்தால், ஒரு நாள் விடிய எழும்பும்போது பிரஷர் அளவுக்கு மீறி இறங்கி மயங்கி விழுந்திருப்பார். அதையும் ரேர் என்றிருப்போம்.

எங்கள் பிரிவு மூன்று முறை கூட்டம் கூடி, 'உங்கள் கையிலேயே அணியவும்' என்று துண்டுப்பிரசுரத்தில் ஒரு வரி சேர்த்தது. பெரிய சாதனை. இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது வேறு. நோயாளியோடு கூட வந்து பேசாமல் இருப்பவரிடமும், நீங்கள் நித்திரை கொள்கிறீர்களா என்று ஒருமுறை கேளுங்கள். அதற்குப் படிப்பு தேவையில்லை. அதனால்தான் படித்த நாங்கள் யாரும் கேட்கவில்லை.