அற்புதமலர் வாசித்த முதல் வாசகம்

என் தலைக்கு மேலே ஒரு தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. பாரிஸ் லா ஷப்பேலில் நான் மூன்றாம் மாடி, அந்த மெஷின் வீட்டுக்காரர்கள் நான்காம் மாடி. காலையில் நான் தபால் நிலைய வேலைக்குக் கிளம்பும்போதும் ஓடும், மாலையில் திரும்பி வந்து சூப் வைக்கும்போதும் ஓடும். நான் புதுச்சேரிக்காரி, பெயர் ரோசாலி, எனக்கு வாய் கொஞ்சம் நீளம். குடிவந்த முதல் மாதமே சண்டை போடத்தான் மேலே ஏறினேன். கதவைத் திறந்தவள் அற்புதமலர். கழுத்தில் அளவு நாடா, உதட்டில் குண்டூசி. ஊசியை எடுத்துவிட்டு, "கீழ சத்தம் கேக்குதோ அக்கா? மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றாள். தூக்கம் கெட்டுச் சிவந்த அந்தக் கண்களைப் பார்த்த பிறகு எவளால் சண்டை போட முடியும்? கையிலிருந்த ரொட்டியில் பாதியைக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

அவள் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க வேதக்காரப் பெண். எண்பத்து நான்கில் குணரத்தினத்தைக் கட்டிக்கொள்ள பாரிசுக்கு வந்தாள். அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்குக் கல்யாணம் நடந்தாலும் கோயில் பூசையில் முதல் வாசகம் விவிலியத்தில் நீதிமொழிகளின் கடைசி அதிகாரம்தான். நல்ல மனைவியைப் புகழ்கிற பாட்டு அது. அந்த மனைவி இருட்டோடு எழுந்துவிடுவாள், இரவிலும் அவள் விளக்கு அணையாது, துணி நெய்து விற்பாள், அவள் புருஷனோ ஊர்வாசலில் பெரிய மனிதர்களோடு மதிப்பாக உட்கார்ந்திருப்பான். எபிரேய தேசத்தில் அதை எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார், தன் தாயை நினைத்தே எழுதினாரோ என்னவோ. குணரத்தினம் என்ற பாவி அதைப் பெண்டாட்டிக்கு வேலை ஒப்பந்தமாக்கிவிட்டான்.

ஒபர்வில்லியே கம்பெனியிலிருந்து வேன் வண்டியில் கோட்டுத் துணி மூட்டை மூட்டையாக வரும். இவள் தைப்பாள். அவன் ரூ பெர்தொனே தெருத் தேநீர்க் கடையில் ஊர்ச் சங்கத் தலைவர்களோடு உட்கார்ந்திருப்பான். வேதம் சொன்னபடியே புருஷன் வாசலில் உட்கார்ந்தாகிவிட்டது! உட்கார்ந்து தின்றால் மலையும் கரையும் என்பார்கள். அவன் உட்கார்ந்து தின்ற மலை அற்புதமலர்.

ஒரு நாளாவது அவளை அடித்தானா என்றால், இல்லை. புகழ்ந்தான். வீட்டுக்கு ஆட்களைக் கூட்டிவந்து அவளைக் கூப்பிட்டு நிறுத்தி, "என்ர மனுசி விடியமுன்னம் எழும்பிடுவா. வேதத்தில சொன்ன பொம்பிளை இவதான்" என்பான். வந்தவர்கள், "நீர் குடுத்து வச்சனீர்" என்பார்கள். அதற்குப் பிறகு எந்த முகத்தோடு அவள் இடுப்பு வலிக்கிறது என்பாள்? அடித்திருந்தால் நானே போலீசுக்குப் போயிருப்பேன். புகழ்கிறவனை எந்தப் போலீஸ் பிடிக்கும்?

கூடவே அவனுடைய விதவை அக்காள் ஞானம்மா. ஊசியில் நூல் கோக்கக்கூட அவளுக்குக் கை வராது, குத்திக்காட்ட மட்டும் நாக்கு வரும்.

முதலில் தரித்தது நிற்கவில்லை. இரண்டாவது தரித்தபோது அற்புதமலர் மாடிப்படியில் என்னைப் பிடித்து நிறுத்தினாள். "டாக்டர் என்னைப் படுக்கச் சொல்லிப்போட்டார் அக்கா. பிள்ளை பிறக்குமட்டும் படுத்தே கிடக்க வேணுமாம்" என்றாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு. பிள்ளையும் வேண்டும், படுக்கவும் வேண்டும். இரண்டும் ஒன்றாக வந்திருந்தன.

"அப்ப போய்ப் படும்மா! இங்க என்னா பேச்சு?" என்று விரட்டினேன்.

சில நாள் மேலே சத்தமில்லை. பிறகு மெஷின் மறுபடி ஓடியது. ஏறிப் போனேன். வயிறு மேசை விளிம்பில் இடிக்க உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் சொன்னது உங்க காதுல விழலியா மிசியே?" என்று குணரத்தினத்திடம் கத்தினேன்.

அவன் சிரித்தான். "அவவுக்குச் சும்மா இருக்க ஏலாது அக்கா. கையைக் கட்டிக்கொண்டு இருக்கிற ஆள் இல்லை அவ."

"நாங்கள் என்ன படுத்துக் கிடந்தோ பெத்தனாங்கள்?" என்றாள் ஞானம்மா.

அற்புதமலர் என்னைப் பார்க்கவில்லை. தையலைத்தான் பார்த்தாள்.

ஐந்தாம் மாதம் ஒரு மதியம் மெஷின் நடுத் தையலில் நின்றது. அன்று எனக்கு விடுமுறை. ஓடினேன். அவள் தரையில் கிடந்தாள், சேலை நனைந்துகொண்டிருந்தது. ஞானம்மா பாய்ந்து வந்தாள். அவளைத் தூக்கத்தான் என்று நினைத்தேன். "ஐயோ, துணியில படப்போகுது!" என்று கோட்டுகளை அள்ளி ஓரத்தில் போட்டாள். அற்புதமலரைப் பொம்பியேக்காரர்கள் ஆம்புலன்சில் தூக்கிப் போனார்கள். நான்தான் கூடப் போனேன். பிள்ளை ஆண், உயிரில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வாசலில் புது மூட்டைகள் காத்திருந்தன. தைத்துக்கொண்டே அழுதிருக்கிறாள். ஞானம்மா விடுவாளா? "யோபுவுக்குப் பத்துப் பிள்ளையள் ஒரே நாளில செத்தவை. அந்த மனுசன் வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொல்லேல்லை. நீ ஒண்டுக்கு இந்தக் கூத்துப் போடுறாய்."

அற்புதமலர் அதை நம்பித்தான் யோபுவைத் திறந்தாள், அவனைப் போல வாய் மூடக் கற்றுக்கொள்ள. பிறகு என்னிடம் வந்தாள். "மச்சாள் முன்பக்கத்தை மட்டும்தான் கேட்டிருக்கிறா அக்கா. அங்காலை அந்த மனுசன் வாயைத் திறக்கிறார். எப்படித் திறக்கிறார் தெரியுமோ!" என்றாள். அவள் முகம் அப்போதுதான் கழுவித் துடைத்தது போல இருந்தது.

அடுத்த ஆண்டு குணரத்தினத்தின் தம்பி சூசைநாதனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஊரிலிருந்து பெண் வருமுன்பே வீட்டுக்கு இன்னொரு மெஷின் வந்துவிட்டது. பழையதின் பக்கத்தில் உறை போட்டு வைத்தார்கள். வந்த பெண் பியட்றிஸ், இருபது வயதுகூட ஆகாது, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. "இதுக்குள்ள என்ன கிடக்கு?" என்று உறையைத் தட்டிக் கேட்டாள்.

"மூத்த மருமகள் நீதான் வாசிக்க வேணும். இந்தப் பிள்ளைக்கு வடிவா விளங்கட்டும்" என்றான் குணரத்தினம் அற்புதமலரிடம். அவள், "ஓம்" என்றாள்.

கோயிலில் பூசை வைத்தவர் பிரெஞ்சுப் பாதிரியார், தமிழில் ஒரு சொல்லும் தெரியாதவர். வீடியோக்காரன் விளக்கைப் பிடிக்க, எல்லார் கண்ணும் பெண்ணின் கூறைச் சேலையில். குணரத்தினம் முன்வரிசையில் சங்கத் தலைவர்களோடு உட்கார்ந்திருந்தான். ஞானம்மா பின்னால் யாரிடமோ விருந்துக்கு ரோல்ஸ் போதுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வாசகம்தான் எல்லாருக்கும் மனப்பாடமாயிற்றே, யார் காது கொடுப்பார்கள்?

அற்புதமலர் ஏறினாள். நாடா போட்டு வைத்திருந்த பக்கத்தை விட்டு, முன்னால் இருந்த தாள்களுக்குப் புரட்டிப் போனாள். நல்ல குரல் அவளுக்கு. வழக்கமான அதே இனிமையோடு, பதறாமல், யோபு வாய் திறந்த இடத்தை வாசித்தாள். தான் பிறந்த நாள் இருண்டு போகட்டும் என்கிறான். தாயின் வயிற்றிலேயே ஏன் நான் சாகவில்லை என்கிறான். செத்திருந்தால் இப்போது படுத்திருப்பேன், நிம்மதியாகத் தூங்கியிருப்பேன், களைத்தவர்கள் அங்கேதான் ஓய்கிறார்கள், வேலை வாங்குகிறவனின் அதட்டல் அங்கே கேட்காது என்கிறான். பாதிரியார் புன்னகையோடு தலையாட்டினார். கல்யாணப் பெண் சிரிப்பை நிறுத்திவிட்டு அற்புதமலரையே பார்த்தாள்.

வாசித்து முடித்து, "இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு" என்றாள்.

"இறைவா உமக்கு நன்றி!" என்றது கோயில் முழுவதும்.

அவள் இறங்கினாள். தன் இடத்துக்குப் போகவில்லை, நடுவழியாக நடந்து வெளியே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். படிக்கட்டில் நின்றிருந்தாள்.

"நன்றி சொன்னவையே அக்கா?"

"எல்லாரும் சொன்னாங்க."

"அவரும்?"

"அவன்தான்டி உரக்கச் சொன்னான்."

அவள் சிரித்தாள், வாய் விட்டு, கண்ணில் நீர் வரும்வரை. சிரித்து முடித்து, "உங்கட வீட்டில ஒரு கட்டில் கிடக்கோ அக்கா? எனக்குப் படுக்க வேணும்" என்றாள்.

கல்யாணச் சாப்பாடு முடிந்த பிறகுதான் குணரத்தினம் என் கதவைத் தட்டினான். கோட்டு சூட்டு, வாயில் வெற்றிலை.

"அற்புதம் இஞ்சையோ?"

"தூங்குறா."

சாப்பிட்டாளா என்று கேட்பான் என நின்றேன். என்ன கோபம் என்றாவது கேட்பான் என நின்றேன்.

"எப்ப எழும்புவா?" என்றான். "திங்கள் ஒபர்வில்லியேக்காரன் வந்திடுவான்."

"வீட்ல மெஷின் ரெண்டு இருக்கு. அண்ணன் தம்பி ரெண்டு பேர் இருக்கீங்க. போய் உக்காந்து தைங்க!" என்று கதவை அவன் மூஞ்சியில் சாத்தினேன்.

மறுநாள் ஞாயிறு. அற்புதமலர் நன்றாக விடிந்த பிறகும் தூங்கினாள். காபி போட்டுக்கொண்டிருந்தேன், மேலே மெஷின் ஓடத் தொடங்கியது. நின்று நின்று ஓடியது, பழகாத கால். இரண்டு வரி தைத்ததும் எங்கோ சிக்கி நின்றது. ஞானம்மாவின் குரல் கேட்டது. பிறகு மறுபடி ஓடியது.

திரும்பிப் பார்த்தேன். அற்புதமலர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது புது மெஷின் அக்கா" என்றாள். காலைத் தரையில் ஊன்றினாள். "அந்தப் பிள்ளையைக் கீழ கூட்டிக்கொண்டு வருவம், வாங்கோ."

அடுப்பை அணைத்தேன். நான்தான் முன்னால் ஏறினேன். வாய் நீளம் எனக்குத்தானே.