கூரை சூடானால் பச்சை

ஓசூரில் அளவுக் கருவிகளுக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். சாவிக்கொத்தில் பென்டிரைவைக் கோத்துக்கொண்டு பைக்கில் தொழிற்பேட்டை முழுக்கச் சுற்றுவேன். எங்கள் புரோகிராம்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு லைப்ரரி, எல்லாவற்றுக்கும் பொதுவான கோப்பு. கருவியோடு பேசுவது அந்தக் கோப்பு மட்டும்தான். மற்றவை அதனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். பெயர் சொல்லிக் கேட்காது, இடம் பார்த்து எடுக்கும். முதலிடத்தில் அனுமதித்த கீழ் எல்லை, இரண்டில் ஷாஃப்டின், அதாவது இயந்திரத் தண்டின், அளவு, மூன்றில் மேல் எல்லை. மூன்றாமிடத்தில் எதைக் கொண்டுபோய் வைத்தாலும் பழைய புரோகிராம் அதை மேல் எல்லை என்றே நம்பும்.

எங்கள் முதலாளி கன்னடக்காரர். புதிதாக ஒன்றைச் சேர்க்கப் போனால் வேண்டாம் என்று தடுத்து, "நடுவுல பேடப்பா, கடைசீல போடு" என்பார். "பழைய புரோகிராம் எந்தெந்த ஊர்ல ஓடுதோ. அசிங்கமா இருந்தா இருந்துட்டுப் போவட்டும்."

எனக்கு அசிங்கம் பொறுக்காது. கவிதை எழுதுகிறவன், ஒரு சொல் இடம் மாறிக் கிடந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. மூக்கண்டப்பள்ளிப் பக்கம் ஒரு ஷாஃப்ட் பட்டறையில், அளக்கும்போது இருந்த வெப்பநிலையும் அறிக்கையில் வேண்டும் என்றார்கள். புது அறிக்கைப் புரோகிராம் எழுதினேன். லைப்ரரியில் வெப்பநிலையை அளவுக்குப் பக்கத்தில், மூன்றாமிடத்தில் வைத்தேன். அளந்தவை இரண்டும் நடுவில், எல்லைகள் இருபுறமும். பார்க்கப் பார்க்க நிறைவாக இருந்தது. அளவு எல்லைக்குள் இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு காட்டும் பழைய திரைப் புரோகிராமை நான் தொடவே இல்லை. அதில் மாற்ற என்ன இருக்கிறது?

நடுப்பகலில் போய் லைப்ரரியை மாற்றினேன். நல்ல ஷாஃப்ட் ஒன்றை வைத்தேன், பச்சை. கெட்டது ஒன்றையும் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை சூப்பர்வைசர் கூப்பிட்டார். டிசம்பர் குளிர், தகரக் கூரையிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. அளவு மேசையில் ஊத்தங்கரைப் பக்கத்துப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், ஒப்பந்தக் கூலி. எதை வைத்தாலும் சிவப்பு.

"சார், நான் எதையும் தொடல சார்" என்றார் என்னிடம். "காலைல குளுருல எல்லாம் செவப்பு. கூரை சூடானா எல்லாம் பச்சை. நேத்தும் இப்டித்தான். மத்தியானம் கெட்டதுக்குக்கூட பச்சை காட்டுது, எனக்கு பயமா இருக்குது சார்."

சூப்பர்வைசர் மதுரைக்காரர். "ஏம்மா, ஷாஃப்டுக்குக் குளிருதுங்கிறியா? ஸ்வெட்டர் பின்னிப் போட்டு விடுவமா?"

லேத்துக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஷாஃப்டின் விட்டம் இருபத்தைந்து மில்லிமீட்டர். பழைய திரை என் வெப்பநிலையை மேல் எல்லையாக எடுத்துக்கொண்டிருந்தது. காலையில் பதினெட்டு டிகிரி, பதினெட்டைத் தாண்டிய எல்லாமே தப்பு. மத்தியானம் இருபத்தேழு, எல்லாமே சரி. நான் எழுதியதை அந்தப் பெண் எழுத்து எழுத்தாக வாசித்துச் சொல்லியிருந்தார்.

"என்னா சார் பிரச்சினை?" என்றார் சூப்பர்வைசர்.

"செட்டிங் மாறியிருக்கு. யாராவது தொட்டிருப்பாங்க."

நாக்கில் தயாராக இருந்ததுபோல வந்தது. அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் லேப்டாப்பைத் திறந்து வெப்பநிலையைக் கடைசிக்குத் தள்ளி, லைப்ரரியை மறுபடி உருவாக்கிப் போட்டேன். பத்தே நிமிடம். ரெண்டு நாள் மத்தியானச் சரக்கை மட்டும் திரும்ப அளந்துவிடச் சொன்னேன். அதையாவது சொன்னேனே என்று பல வருடம் என்னையே தேற்றிக்கொண்டேன். அதில் கெட்டதென்று கழிந்த ஷாஃப்டுகளும் அந்தப் பெண்ணின் தலையில்தான் விழுந்தன.

அடுத்த முறை போனபோது மேசையில் வேறு ஆள். அந்தப் பெண் பின்கட்டில், மண்ணெண்ணெய்த் தொட்டியில் கையை முழங்கைவரை விட்டு ஷாஃப்ட் கழுவிக்கொண்டிருந்தார். "நல்லாருக்கீங்களா சார்?" என்று கேட்டார். கேலி இல்லை. கேலியாக இருந்திருந்தால் தேவலை.

சொல்லிவிடுவது என்று ஒவ்வொரு நாளும் கிளம்புவேன். ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்தி வாக்கியத்தைச் சரிபார்ப்பேன். 'தவறு நேர்ந்துவிட்டது' என்பதா, 'நான்தான் செய்தேன்' என்பதா? கேட் திறக்கும்போது வாக்கியம் அழகாக இருக்கும். அன்றைக்கு வேறு பட்டறைக்குப் போய்விடுவேன்.

ஒருநாள் போயேவிட்டேன். சூப்பர்வைசரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: மூன்றாமிடம், வெப்பநிலை, குளிர். ஸ்வெட்டர் பேச்சு ஞாபகம் வந்திருக்க வேண்டும், அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப வந்து சொல்றீங்களே சார். அந்தம்மா வேலைய விட்டு நின்னு பத்து நாளாச்சு. கையெல்லாம் புண்ணு. ஊருக்கே போயிருச்சு."

"ஊத்தங்கரையில எங்கன்னு தெரியுமா?"

"ஒப்பந்தக்காரன்ட்ட கேட்டா சொல்லுவான். கேக்கவா?"

போனை எடுத்தார். "பரவால்ல சார், அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். நேரில் பார்க்க வேண்டியதில்லை என்று நெஞ்சு லேசானது. கூரை சூடாகிக்கொண்டிருந்தது. திரையில் சரியானதற்குப் பச்சை, தவறானதற்குச் சிவப்பு. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வண்டியை எடுத்தேன்.