உள்பக்கத் தையல்

எந்தத் துணி கைக்கு வந்தாலும் முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாள் தையற்கடை அக்கா. வெளியே எவ்வளவு பளபளத்தாலும் தைத்தவரின் வண்டவாளம் உள்ளேதான் தெரியும் என்பாள். அதனாலேயே முன்பக்கத்தை மட்டும் காட்டும் ஓவியக் கண்காட்சிகள் அவளுக்கு எரிச்சலூட்டும். ஆனாலும் ஒன்றையும் விடமாட்டாள். போன மாதம் ஒரு படத்தைச் சுவரிலிருந்து விலக்கி எட்டிப் பார்த்து, காவலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

இந்த ஞாயிறு இருபது பேரோடு ஓர் ஓவியக்காரியின் பட்டறைக்குப் போனாள். ஓவியக்காரி வண்ணம் கலக்கும் விதத்தை நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூலையில் சுவரைப் பார்த்தபடி சாய்ந்திருந்த படத்தைச் சட்டென்று திருப்பிவிட்டாள். பாதி முகம், மீதி சுரண்டப்பட்டிருந்தது.

"அதை யாருக்கும் காட்டறதில்லக்கா."

"இதைப் பாக்கத்தான்மா வந்தேன். எத்தனை தடவை சுரண்டினே?"

"ஒம்பது தடவை. நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"தையல்."

ஓவியக்காரி கேட்காமலே அக்காவின் சட்டைக் கையை மடித்துப் பார்த்தாள். உள்ளே பிசிறு தொங்கியது. அளவு பார்க்கப் போட்ட வெள்ளை நூல்கூட இன்னும் பிரிக்கப்படவில்லை.

"எப்பத் தைச்சது?"

"ஆறு வருஷம் இருக்கும். நம்ம துணிதானேன்னு..."

அக்கா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். முப்பது வருடமாக ஊரார் துணியைத் திருப்பியவள். அவளுடையதை இதுவரை யாரும் திருப்பியதில்லை. பேருந்தில் வீடு வரும்வரை அந்தச் சட்டைக் கையின் ஓரத்தை மற்றொரு கையால் பொத்திப் பிடித்திருந்தாள்.